தோட்டா எங்கே நிற்கும்?

பால், ரொட்டி, பிள்ளைகளின் பள்ளிப்பை வாங்கும் அதே பேரங்காடியில் தோட்டாவும் வாங்கலாம் என்றால், மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்த நமக்கு நம்பக் கடினமாக இருக்கும். அமெரிக்காவில் அது பழகிப்போன காட்சி. வால்மார்ட் நிறுவனம் தன் கடைகளில் கைத்துப்பாக்கித் தோட்டா விற்பதை நிறுத்தப்போவதாக அறிவித்ததே 2019 செப்டம்பரில்தான். அதற்கு முந்தைய மாதம் டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில், அந்நிறுவனத்தின் கடையொன்றில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் பலர் உயிரிழந்திருந்தனர்.

வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. ஆனால் துப்பாக்கியை வாங்கியதோடு வேலை முடிவதில்லை. அதில் எந்தத் தோட்டாவைப் போடுவது? கடைக்காரர் முதல் காவல்துறைப் பயிற்சியாளர் வரை எல்லாரும் விவாதிக்கும் கேள்வி இது. அதன் வேரைத் தேடிப் போனால் கல்கத்தாவில் வந்து நிற்போம்.

டம் டம் கொடுத்த பெயர்

இன்று கல்கத்தா விமான நிலையம் இருக்கும் பகுதியின் பெயர் டம் டம். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அங்கே ராணுவ ஆயுதத் தொழிற்சாலை ஒன்று இயங்கியது. 1890களில் பிரிட்டிஷ் படையினர் பயன்படுத்திய புதிய தோட்டாக்கள், ஈயத்தை முழுவதும் உலோக உறையால் மூடியவை. அவை உடலைத் துளைத்து மறுபக்கம் வெளியேறின. இந்தியாவின் வடமேற்கு எல்லையில் சுடப்பட்டவர்கள் விழாமல் தொடர்ந்து முன்னேறி வந்ததாகப் படையினர் புகார் சொன்னார்கள்.

டம் டம் தொழிற்சாலையில் இருந்த கேப்டன் பெர்ட்டி கிளே, தோட்டாவின் நுனியில் மட்டும் உறையை நீக்கி ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். உடலில் பட்டதும் அந்த நுனி காளான்போல் விரிந்தது. காயம் கொடூரமாக இருந்தது. 1899ஆம் ஆண்டு ஹேக் நகரில் கூடிய நாடுகள், விரியும் தோட்டாக்களைப் போரில் பயன்படுத்துவதைத் தடை செய்யும் பிரகடனத்தை வெளியிட்டன. ஊரின் பெயர் தோட்டாவுக்கே பெயராகிவிட்டது.

விசித்திரம் என்னவென்றால், போர்க்களத்தில் கூடாது என்று ஒதுக்கப்பட்ட அதே வகைதான் இன்று அமெரிக்கக் காவல்துறையினரின் இடுப்பிலும், பல வீடுகளின் படுக்கையறைப் பெட்டியிலும் இருக்கிறது. நுனியில் குழி விழுந்த ‘ஹாலோ பாயிண்ட்’ தோட்டா அது.

காரணம் எளிது. உடலைத் துளைத்து வெளியேறும் தோட்டா, பின்னால் நிற்கும் வழிப்போக்கரையும் தாக்கும். விரியும் தோட்டா தன் வேகத்தை உடலுக்குள்ளேயே இழந்துவிடும். நியூயார்க் நகரக் காவல்துறை 1998ஆம் ஆண்டு ஹாலோ பாயிண்டுக்கு மாறுவதாக அறிவித்தபோது சொன்ன முக்கியக் காரணமும் இதுதான். அதே சமயம் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில், பொதுமக்கள் இந்தத் தோட்டாவை வெளியே எடுத்துச் செல்லச் சட்டம் கடுமையான கட்டுப்பாடு விதிக்கிறது. ஒரே தோட்டாவை ஒருவர் பாதுகாப்பு என்கிறார், அடுத்தவர் ஆபத்து என்கிறார்.

மயாமியில் ஓர் அங்குலம்

1986 ஏப்ரல் 11. புளோரிடாவின் மயாமி அருகே, வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்பிஐ அதிகாரிகள் மடக்கினார்கள். சண்டை சில நிமிடங்களே நீடித்தது. தொடக்கத்திலேயே அதிகாரி ஒருவர் சுட்ட 9 மில்லிமீட்டர் ஹாலோ பாயிண்ட், கொள்ளையரில் ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்தது. ஆனால் இதயத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. உயிர்போகும் காயத்தோடும் அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு அதிகாரிகள் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். கொள்ளையர் இருவரும் கொல்லப்பட்டார்கள்.

அந்த ஓர் அங்குலம் அமெரிக்கத் தோட்டாத் தொழிலையே மாற்றியது. மனிதத் தசையைப்போல் நடந்துகொள்ளும் ஜெலட்டின் கட்டிகளில் தோட்டாக்களைச் சுட்டுப் பார்க்கும் சோதனை முறையை எஃப்பிஐ வகுத்தது. வெறும் ஜெலட்டின் போதாது என்று தடித்த உடை, ஒட்டுப்பலகை, சுவர்ப்பலகை, இரும்புத் தகடு, கார்க் கண்ணாடி ஆகியவற்றின் வழியாகவும் சுட்டார்கள். தோட்டா குறைந்தது 12 அங்குலம், அதாவது சுமார் 30 சென்டிமீட்டர் ஊடுருவ வேண்டும். 18 அங்குலத்தைத் தாண்டினால் அது அளவுக்கு மீறியது. தற்காப்புத் தோட்டா என்று இன்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்த அளவுகோலால்தான் எடைபோடப்படுகின்றன.

பெரியது எல்லாம் சிறந்ததா?

‘பெரிய தோட்டா, பெரிய பலன்’ என்ற நம்பிக்கை பழையது. 9 மில்லிமீட்டர் தோட்டா சுமார் ஏழரை முதல் ஒன்பதரை கிராம் எடை கொண்டது. 0.45 அங்குலத் தோட்டாவின் வழக்கமான எடை ஏறத்தாழ 15 கிராம். மயாமிக்குப் பிறகு எஃப்பிஐ பெரிய தோட்டாக்களைத் தேடிப் போனது. 10 மில்லிமீட்டரைச் சோதித்தது. பின்னர் 1990இல் சந்தைக்கு வந்த 0.40 அங்குலத் தோட்டாவை ஏற்றது.

தோட்டா பெரிதானால் துப்பாக்கியின் உதைப்பும் பெரிதாகும். உதைப்பு கூடினால் குறி தவறும், அடுத்த முறை சுடத் தாமதமாகும். இதற்கிடையே 9 மில்லிமீட்டர் தோட்டாவின் வடிவமைப்பும் முன்னேறியது. கடைசியில் 2010களின் நடுவில் எஃப்பிஐ மீண்டும் 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. ஜெலட்டின் சோதனையில் பெரிய வேறுபாடு இல்லை. சிறியதைக் கொண்டு அதிகாரிகள் வேகமாகவும் துல்லியமாகவும் சுட்டார்கள்.

திரைப்படத்தில் குண்டடி பட்டவர் பின்னால் தூக்கி எறியப்படுவார். உண்மையில் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அந்த வலிமை கிடையாது. சுட்ட உடனே எதிராளி விழுவார் என்ற உத்தரவாதத்தை எந்தப் பெட்டியின் விளம்பரமும் தர முடியாது. அதனால்தான் அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் எளிமையாகவே அறிவுரை சொல்கிறார்கள்: பெயர்பெற்ற தயாரிப்பை வாங்குங்கள், உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் இயங்குகிறதா என்று சுட்டுப் பாருங்கள், உங்கள் கைக்கு அடங்கும் உதைப்பைத் தேர்ந்தெடுங்கள், விடாமல் பயிற்சி செய்யுங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம்

இவ்வளவு ஆராய்ச்சிக்குப் பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. அமெரிக்க வீடுகளின் உள்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அறையப்பட்ட ஜிப்சம் பலகைகள். குறி தவறிய கைத்துப்பாக்கித் தோட்டா அவற்றை எளிதாகத் துளைத்துவிடும். ஹாலோ பாயிண்டும் விலக்கல்ல. அதன் நுனிக்குழியில் சுவர்த்தூள் அடைத்துக்கொண்டால் அது விரியாமல், சாதாரணத் தோட்டாபோலவே பாய்ந்து செல்லும். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம்.

இலக்கைத் தெரிந்துகொள், இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள் என்பது துப்பாக்கிப் பாதுகாப்பின் அடிப்படை விதிகளில் ஒன்று. நள்ளிரவில், இருட்டில், பயத்தில் அந்த விதியைக் கடைப்பிடிப்பது எத்தனை பேரால் முடியும்? எந்தத் தோட்டா என்ற கேள்விக்குக் கடையில் விடை கிடைக்கும். இந்தக் கேள்விக்குக் கிடைக்காது.

நாம் கவனிக்க வேண்டியது

நம் இரு நாடுகளின் குற்றவியல் சட்டமும் தற்காப்பு உரிமையை ஏற்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது. துப்பாக்கி விஷயத்திலோ சட்டம் துளியும் இளகுவதில்லை. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சிங்கப்பூரில் சட்டவிரோதமாகத் தோட்டா வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும் இருந்தாலும் குற்றம் குற்றமே.

வேலை, படிப்பு, விடுமுறை என்று அமெரிக்கா செல்லும் நம் இளையர்கள், லாஸ் வேகாஸ் போன்ற நகரங்களில் சுற்றுப்பயணிகளுக்கான சுடுதளங்களுக்குப் போய்ப் பார்ப்பதுண்டு. போனால், திரும்பும் முன் சட்டைப்பை, முதுகுப்பை, காலணி வைத்த பை எல்லாவற்றையும் ஒருமுறை உதறிப் பாருங்கள். ‘ஞாபகத்துக்கு ஒன்று’ என்று எதையும் எடுத்து வராதீர்கள், காலி உறையாக இருந்தாலும் வேண்டாம். அங்கே கடையில் விலை கொடுத்து வாங்கும் பொருள், சாங்கியிலோ கேஎல்ஐஏவிலோ இறங்கியதும் உங்கள் வாழ்க்கையையே விலையாகக் கேட்கும்.