எலும்புக்கும் வேலை வேண்டும்

"வயது ஐம்பதாயிற்று; இனி ஓய்ந்து உட்காருங்கள், அம்மா!" என்று பிள்ளைகள் சொல்வது அன்பினால்தான். ஆனால் எலும்பின் விஷயத்தில் இது விபரீதமான யோசனை.

எலும்பு ஒருபுறம் கரைந்து ஒருபுறம் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும் ஜீவனுள்ள பொருள். ஸ்திரீகளுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. கரைவது மிஞ்சி விடுகிறது. நோவு ஒன்றும் தெரியாது. முற்றத்தில் ஒரு நாள் வழுக்கி விழுந்து இடுப்பு முறியும்போதுதான் சங்கதி வெளியாகிறது. அதன் பிறகு படுக்கையே கதியானவர்கள் எத்தனை பேர்!

தன்மீது விழும் பாரத்துக்கேற்ப எலும்பு தன்னை அமைத்துக்கொள்ளும் என்று ஜெர்மன் வைத்தியர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-ல் எழுதினார். அப்படியானால் எந்தத் தேகாப்பியாசம் உகந்தது?

நீச்சலும் சைக்கிளும் இருதயத்துக்கு நல்லவை. ஆனால் உடலின் பாரத்தை நீரும் ஆசனமும் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு லாபம் குறைவு. நடை அவசியமே, எனினும் அதனால் மட்டும் எலும்பு கெட்டிப்படுவது சொற்பம். பளுவைப் படிப்படியாகக் கூட்டித் தூக்குவதே சிறந்தது.

ஆஸ்திரேலியாவில் எலும்பு மெலிந்த 101 ஸ்திரீகளைக் கொண்டு நடத்திய பரிசோதனை 2018-ல் வெளியாயிற்று. ஒரு சாரார் வாரம் 2 தடவை, 30 நிமிஷம், தேர்ந்தவர் மேற்பார்வையில் கனத்த பளுக்களைத் தூக்கினர்; குதித்தும் இறங்கினர். மற்றவர்கள் வீட்டில் லேசான அப்பியாசம் செய்தனர். 8 மாதத்தில் முன்னவர்களின் கீழ் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவிகிதம் கூடிற்று; பின்னவர்களுக்கு 1.2 சதவிகிதம் குறைந்தது.

செஞ்சியை அடுத்த அனந்தபுரம் போன்ற ஊர்களில் உலக்கையும் தண்ணீர்க் குடமும் இந்த வேலையை ஒருவாறு செய்து வந்தன. இன்று மாவரைக்க யந்திரமும், வாசலில் குழாயும் வந்துவிட்டன. அந்தக் கஷ்டம் மறுபடி வேண்டுமென்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதனுடன் போன உழைப்பை வேறு வழியில் மீட்க வேண்டாமா?

நாற்காலியில் கை ஊன்றாமல் பல முறை உட்கார்ந்து எழலாம், படி ஏறலாம், மணல் மூட்டையைச் சிறியதிலிருந்து தொடங்கித் தூக்கலாம். சுவரருகே ஒற்றைக் காலில் நின்று பழகினால் விழுவது குறையும். கேழ்வரகும் மோரும் வெயிலும் துணை நிற்கும்.

ஓர் எச்சரிக்கை: முன்பே எலும்பு முறிந்தவர்களும் கூன் விழுந்தவர்களும் குனிந்து பளுத் தூக்குவதோ குதிப்பதோ ஆகாது. வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். அவர் தரும் மருந்துக்கு அப்பியாசம் பிரதியாகாது.

அம்மாவிடம் அன்புள்ள பிள்ளைகள், அவளை உட்கார வைப்பதை விட்டு, வாரம் 2 நாள் அவளுடன் சேர்ந்து பளுத் தூக்கட்டும்.