அழுத பையனும் சிரித்த மண்டபமும்

இலக்கியத் தொடர் ஒன்றிலே குறும்படத்திற்கு என்ன வேலை என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் உயர்தர வகுப்பிலே தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலைப் பல ஆண்டுகள் கற்பித்த நான், அதனை உண்மையில் விளங்கிக்கொண்டது எங்கள் மாணவர் எடுத்த பதினொரு நிமிடப் படம் ஒன்றினாலேதான். அதுவும் அப்படம் தோற்றுப்போனதனாலே விளங்கிக்கொண்டேன். ஆகவே இன்றைய உரையை அந்தத் தோல்வியிலிருந்து தொடங்குகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் என்னிடம் வந்து, கைத்தொலைபேசியிலே குறும்படம் ஒன்று எடுக்கப்போவதாகவும் வசனம் எழுதித்தர வேண்டுமெனவும் கேட்டனர். கதை அவர்களுடையது. தாய் மத்திய கிழக்கு நாடொன்றிற்குப் பணிப்பெண்ணாகச் செல்கின்றாள். பையன் அம்மம்மாவுடன் வளர்கின்றான். ஒருநாள் தாய் இறந்த செய்தி தொலைபேசியில் வருகின்றது. பையன் அழுகின்றான். இவ்வளவுதான் கதை. இதற்கு நான் எழுதிய வசனத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கின்றது. ‘அம்மா, என்னை அநாதையாக்கிவிட்டு எங்கு சென்றாய்’ என்ற பாணியில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளை தாயைப் பார்த்து ‘எங்கு சென்றாய்’ என்று கேட்கும்?

படம் கல்லூரி மண்டபத்திலே திரையிடப்பட்டது. முன்வரிசைகளிலே தரம் 8 மாணவர்கள். இரண்டாவது நிமிடத்திலே செய்தி வருகின்றது. பையன் முகம் திரை முழுவதும் நிறைய, வயலின் ஓலமிட, முழுமையாக ஒன்றரை நிமிடம் அழுகின்றான். முதலில் ஒரு மூலையிலே கிளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பின்னர் வரிசை வரிசையாகச் சிரிப்புப் பரவியது. என்னுடைய வசனம் வந்தபோது மண்டபமே அதிர்ந்தது. இயக்கிய மாணவன் என்னருகில் வந்து, “சேர், சனம் சிரிக்குது” என்றான். அவனுக்குச் சொல்ல என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

இதிலே இன்னுமொரு விடயம் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நடித்த பையனின் தாயாரும் அப்போது வெளிநாட்டிலேதான் இருந்தார். அழுகை சரியாக வரவில்லை என்பதற்காக, ஒளிப்பதிவுக்குச் சற்று முன் இயக்குநர் மாணவன் அவனைத் தனியே அழைத்துச் சென்று, அவனுடைய அம்மாவைப் பற்றியே பேசினான். நான் அருகிலேதான் நின்றேன். தடுக்கவில்லை. ‘உணர்ச்சி நன்றாக வருகின்றது’ என்று எண்ணிக்கொண்டு நின்றேன். ஒளிப்பதிவு முடிந்த பின்பும் அவன் அழுகை நிற்கவில்லை. தண்ணீர்த்தாங்கிக்குப் பின்னால் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தான். அன்று மண்டபம் சிரித்தது நடிப்பைப் பார்த்து அல்ல. உண்மையான கண்ணீரைப் பார்த்தே சிரித்தது. (அவன் இன்று கல்லூரியை விட்டு விலகி வேலை பார்க்கின்றான். அவனுடைய சம்மதத்துடனேயே இதனை இங்கே சொல்கின்றேன்.)

உண்மையான கண்ணீர் பார்ப்பவனிடம் ஏன் கண்ணீரை உண்டாக்கவில்லை? அன்றிரவு இந்தக் கேள்வியுடன் மெய்ப்பாட்டியலைத் திரும்ப எடுத்தேன்.

மெய்ப்பாடுகள் எட்டு, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிலே தோன்றும் என்பது மாணவருக்கெல்லாம் மனனம். அழுகைக்குரிய நான்கினை எடுத்துக்கொள்வோம். உறவையோ பொருளையோ இழத்தல் இழவு. பிறரால் எளியவனாக்கப்படுதல் இளிவு. முன்னிருந்த நல்ல நிலை கெடுதல் அசைவு. நுகர்வதற்கு எதுவும் இல்லாத நிலை வறுமை. இந்த நான்கிலே எங்கள் பிள்ளைகள் எடுக்கும் படங்களைப் பாருங்கள். பத்துக்கு ஒன்பதிலே இழவு ஒன்றுதான். யாராவது இறந்தால்தான் படம் ‘உருக்கமானது’ என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. தொல்காப்பியர் காட்டிய மற்றைய மூன்று வாசல்களும் பூட்டியே கிடக்கின்றன.

இதனைவிட முக்கியமானது உரையாசிரியர் இளம்பூரணர் தரும் விளக்கம். அச்சமுற்றவன் உள்ளத்திலே நிகழும் அச்சம், அவனுடைய உடலின் வழியாக வெளிப்பட்டு, காண்பவர்களுக்குப் புலனாகும் தன்மையே மெய்ப்பாடு என்பது அவருடைய கருத்து. உற்றவன் ஒருவன், காண்பவன் இன்னொருவன். இருவருக்கும் இடையிலே ஒரு பாதை வேண்டும். எங்கள் படத்திலே உற்றவனிடம் துயரம் நிறைய இருந்தது. பாதைதான் இருக்கவில்லை. அந்தத் தாயை மண்டபம் ஒரு தடவையேனும் பார்த்ததில்லை. அவளுடைய குரலைக் கேட்டதில்லை. முன்பின் அறியாத ஒருத்தியின் சாவுக்கு இரண்டாவது நிமிடத்திலே அழும்படி கேட்டால், தரம் 8 பிள்ளை சிரிக்காமல் வேறென்ன செய்யும்? சங்கடம் தாங்காமற் சிரிப்பதும் ஒரு சிரிப்புத்தானே.

சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1955இல் வெளிவந்தது. அதிலே மகள் துர்க்கா இறந்த செய்தி அறியாமல் தந்தை ஊர் திரும்புகின்றார். வாங்கிவந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவிக்குக் காட்டுகின்றார். கடைசியிலே மகளுக்கென வாங்கிய சேலையை நீட்டுகின்றார். தாய் அதனை வாங்கிக்கொண்டு உடைந்து அழுகின்றாள். அந்த அழுகுரல் எங்களுக்குக் கேட்பதில்லை. அவள் வாய் திறக்கின்றது. குரலுக்குப் பதிலாகத் தார் ஷெனாய் என்ற வாத்தியத்தின் உச்சத் தொனி எழுகின்றது. ரவிசங்கர் இசையமைத்த படம் அது. இதனைப் பார்த்துவிட்டு ‘இசையைக் கூட்டினாற் சரி’ என்று எங்கள் பிள்ளைகள் முடிவுகட்டுவதுண்டு. அது தவறு. காட்சியின் பாரம் வாத்தியத்திலே தொடங்குவதில்லை, சேலையிலேயே தொடங்குகின்றது. தந்தைக்குத் தெரியாதது எங்களுக்குத் தெரியும். அவர் ஒவ்வொரு பொருளாக எடுக்க எடுக்க, ‘ஐயோ, அடுத்தது எது’ என்று நாங்கள் அஞ்சுகின்றோம். தாய் அழும்பொழுது எங்கள் பாதி அழுகை முடிந்துவிடுகின்றது.

பார்ப்பவனுக்கு எதனை, எப்போது அறியத்தருவது என்பதைப் பற்றி ஹிட்ச்கொக் கூறிய உதாரணம் பலரும் அறிந்தது. பிரெஞ்சு இயக்குநர் த்ரூபோ அவரோடு நடத்திய நீண்ட உரையாடல் 1966இல் நூலாக வந்தது. அதிலே உள்ளது இது. மேசைக்குக் கீழே குண்டு இருப்பது எவருக்கும் தெரியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. பார்ப்பவனுக்கு மட்டும் முன்னரே தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடத் தவிப்பு. திகிற் படத்துக்குரிய சூத்திரம் என்று இதனை ஒதுக்கவேண்டியதில்லை. ரேயின் சேலையும் இதே வழியிலேதான் வேலை செய்கின்றது.

சில வாரங்களின் பின் மாணவர்களை அழைத்துப் படத்தை மீண்டும் எடுப்போமா என்று கேட்டேன். முதலில் நடித்த பையனிடம் தனியே பேசினேன். நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை என்று சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. விருப்பமில்லையென்றால் வேறொருவர் நடிக்கலாம் என்றேன். “இல்லை சேர், நான் நடிக்கிறன். ஆனால் அம்மா சாகக்கூடாது” என்றான். இதைவிடச் சிறந்த திரைக்கதை ஆலோசனையை நான் இன்றுவரை கேட்டதில்லை.

அம்மா சாகாவிட்டால் கதை என்ன? மூன்று மாலைப்பொழுதுகள் பேசினோம். மூன்றாம் நாள் அவன்தான் மெதுவாகச் சொன்னான்: “சேர், அம்மா சப்பாத்து அனுப்புறா. அளவு காணாது. அவ போகேக்க இருந்த கால்தானே அவவுக்குத் தெரியும்.” அது யாருடைய சப்பாத்து என்று நானும் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

தாய் பிரிந்து இரண்டு ஆண்டுகள். அவளுடைய நினைவிலே பிள்ளையின் கால் வளரவில்லை. இந்த ஒரு பொருளுக்குள்ளே முழுக்கதையும் அடங்கிவிட்டது. புதுப் படத்திலே பையன் அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி நடக்கின்றான். மதகடியிலே கழற்றிக் கையிற் பிடித்துக்கொண்டு வெறுங்காலுடன் வருகின்றான். கல்லூரி வாசலிலே மீண்டும் மாட்டுகின்றான். அம்மம்மாவுக்குப் பெருமை, அயலார்க்கெல்லாம் காட்டுகின்றார்.

சப்பாத்துச் சிறிது என்பதைக் கடைசியிலே, கொப்புளம் போட்ட காலைக் காட்டி வெளிப்படுத்தலாம் என்றுதான் இயக்குநர் மாணவன் முதலில் எழுதியிருந்தான். நான் ஹிட்ச்கொக்கின் மேசையைச் சொன்னேன். பெரிய வாக்குவாதம் நடந்தது. ஈற்றில், மூன்றாவது நிமிடத்திலேயே காட்டிவிடுவதென்று முடிவாயிற்று. அதன் பின் யார் அந்தச் சப்பாத்தைப் புகழ்ந்தாலும் பார்ப்பவனுடைய காலும் நெரிபடத் தொடங்கும்.

நடிப்பு விடயத்திலும் ரேயிடமே கடன்பட்டோம். ‘பதேர் பாஞ்சாலி’யின் முதற்காட்சிகளாக 1952இல் எடுக்கப்பட்டவை நாணற்பூ வெளியிலானவை. சிறுவன் அப்பு அக்காவைத் தேடி நடக்கவேண்டும். ‘தேடு’ என்றால் பிள்ளை பொம்மை போல நடந்தான். எனவே அவன் வழியிலே சிறு தடைகளை இட்டு, மறைவிலே ஆட்களை நிறுத்தி, குறித்த கணங்களிலே பெயர் சொல்லி அழைக்கச் செய்தார் ரே. பிள்ளை இயல்பாகத் தாண்டினான்; திரும்பினான்; நின்றான். மனத்தைக் கிளறவேண்டிய தேவையே ஏற்படவில்லை. கால்களுக்கும் காதுகளுக்கும் வேலை கொடுத்தால் போதுமாயிருந்தது. நாங்களும் அவ்வாறே செய்தோம். எங்கள் பையனுக்கு உண்மையிலேயே இறுக்கமான சப்பாத்து ஒன்றைக் கொடுத்து, “நொண்டாதே, ஒருவருக்கும் தெரியாமல் நட” என்று மட்டும் சொன்னோம். நொண்டும்படி சொல்லியிருந்தால் படம் மறுபடியும் கெட்டிருக்கும்.

படத்தொகுப்பின்போது வேறொன்று கண்டோம். ரஷ்யாவிலே குலெஷோவ் என்பவர் 1920ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே செய்த பரிசோதனை திரைப்பட மாணவர்களுக்குப் பாடமாக உள்ளது. நடிகன் ஒருவனின் சலனமற்ற ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும், பிரேதப் பெட்டியோடும், வேறு காட்சிகளோடும் மாறிமாறி ஒட்டினார். பசி, துயரம் என ஒவ்வொரு உணர்ச்சியையும் பார்த்தவர்கள் தாங்களே அம்முகத்தில் ஏற்றிக்கொண்டனர் என்பர். எங்கள் படத்திலே மிகச் சிறந்த முகம் எது தெரியுமா? ‘தொடங்கு’ என்ற சொல்லுக்காகப் பையன் சும்மா காத்திருந்த வேளையிலே தற்செயலாகப் பதிவாகிவிட்ட முகம். அதனைச் சப்பாத்துப் பெட்டிக்குப் பக்கத்திலே ஒட்டினோம். அதில் ஒரு துளி கண்ணீர் இல்லை.

வயலினை நீக்கினோம். கிணற்றுக் கப்பி, அம்மம்மாவின் இருமல், சீமெந்துத் தரையிலே சப்பாத்து உரசும் ஓசை ஆகியவற்றை மட்டும் வைத்தோம். ஒலிப்பதிவு பற்றி மாணவர்களுக்கு ஒரு சொல்: கைத்தொலைபேசிகள் இப்போது படத்தை நன்றாகவே பிடிக்கின்றன, குரலைத்தான் காற்று தின்றுவிடுகின்றது. இன்னொரு கைத்தொலைபேசியை நடிப்பவர் அருகில் மறைத்துவைத்து ஒலியைத் தனியே பதிந்துகொள்வது நல்லது. கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணர வல்லாருக்கே மெய்ப்பாடு புலனாகும் என்ற கருத்துடன்தான் மெய்ப்பாட்டியல் முடிகின்றது. கண்ணோடு செவியையும் ஒப்பச் சேர்த்த அந்த நூற்பாவை, ஒலிவாங்கியை மறந்துவிடும் எங்கள் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி ஞாபகப்படுத்துவதுண்டு.

கடைசிக் காட்சி தொலைபேசி உரையாடல். என்னுடைய வசனம் ஒன்றுகூட அதில் இல்லை. மாணவர்களே பேசிப்பேசி அமைத்தது. தாயின் குரலுக்கு எங்கள் ஆசிரியை ஒருவர் பக்கத்து அறையிலிருந்து உண்மையாகவே அழைப்பு எடுத்துப் பேசினார்.

“சப்பாத்து அளவோ, ராசா?”

“ஓம் அம்மா. அளவு.”

கமரா அப்போது அவன் முகத்திலே இல்லை. மேசையின் கீழே, குதி வெளியே பிதுங்கி நிற்கும் காலிலே இருந்தது.

இரண்டாவது திரையிடலிலும் முன்வரிசைகளிலே தரம் 8 மாணவர்கள்தான். ‘அளவு’ என்ற சொல் வந்தபோது மண்டபத்திலே மின்விசிறியின் சத்தம் கேட்டது. இது எந்த மெய்ப்பாடு என்று பின்னர் வகுப்பிலே விவாதித்தோம். அழுகை என்றே பலரும் சொன்னார்கள். எனக்கு அதிலே சம்மதமில்லை. பெருமிதம் தோன்றும் நான்கு களன்களிலே கொடையும் ஒன்று. தன்னுடைய கால் நோவை மறைத்துத் தாய்க்கு நிம்மதியைக் கொடுக்கின்றானே, அது கொடை இல்லையா? அழுதது நாங்கள், அவனிடம் இருந்தது பெருமிதம். இலக்கணக்காரர்கள் இதனை ஏற்பார்களோ என்னவோ, நான் இவ்வாறே கொள்கின்றேன்.

படம் முடிந்து வெளியே வருகையில், முதல் தடவை உரக்கச் சிரித்தவர்களில் ஒருவனாகிய சின்னப் பையன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். “சேர், பிறகு அந்த அண்ணா வேற சப்பாத்து வாங்கினவரோ?” என்று கேட்டான்.

நடித்தவன் சற்றுத் தள்ளித்தான் நின்றான். போய் அவனிடமே கேள் என்று அனுப்பிவைத்தேன்.