தீர்ப்புக்கு மேலே ஒரு தீர்ப்பு!

குட்டிகளே, பிளஸ் டூ தேர்வில் எதிர்பார்த்த மார்க் வராவிட்டால் அண்ணன், அக்காமார் என்ன செய்கிறார்கள்? மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கிறார்கள். முதலில் விடைத்தாளைத் திருத்தியவரும் மனிதர்தானே! அவர் கண்ணுக்கு ஏதாவது தப்பியிருக்கலாம்.

நீதிபதிகளும் மனிதர்கள்தான். அதனால் நீதிமன்றங்களிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் மேல்முறையீடு. நம் ஊர்ப் பேச்சில் 'அப்பீல்' என்பார்கள்.

படிப்படியாக...

சொத்து, கடன், வாடகை பற்றிய தகராறுகள் சிவில் வழக்குகள். திருட்டு, அடிதடி, கொலை போன்றவை கிரிமினல் வழக்குகள்.

இரணியலில் இரண்டு பேருக்குத் தென்னந்தோப்பு எல்லையில் தகராறு என்று வைத்துக்கொள்வோம். வழக்கு முதலில் முன்சீப் கோர்ட்டுக்குப் போகும். தோற்றவர் 30 நாட்களுக்குள் அடுத்த கோர்ட்டில் அப்பீல் செய்யலாம். அங்கே பத்திரம், சாட்சியம் எல்லாம் மறுபடியும் அலசப்படும். அங்கும் தோற்றால் 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அங்கே பொதுவாக, 'வேலி எங்கே இருந்தது?' என்று திரும்பவும் ஆராய மாட்டார்கள். 'கீழ்க் கோர்ட் சட்டத்தைச் சரியாகப் பின்பற்றியதா?' என்றுதான் பார்ப்பார்கள்.

கிரிமினல் வழக்கில் உயிரே போகும் நிலை வரலாம். ஆகவே செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தால், யாரும் அப்பீல் செய்யாவிட்டாலும் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டும். அது உறுதி செய்யாமல் தண்டனையை நிறைவேற்ற முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே டில்லியில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது.

வ.உ.சி.யின் அப்பீல்

தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனாரை உங்களுக்குத் தெரியும். 1908-இல் அவர் மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். வ.உ.சி. சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்பீல் செய்தார். தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. சிறையில் செக்கிழுத்துத் துன்பப்பட்ட அவர், 1912 டிசம்பரில் விடுதலையானார். அப்பீல் என்ற படி இல்லாதிருந்தால்? யோசித்துப் பாருங்கள்!

எவ்வளவு தூரம்?

படி இருந்தால் மட்டும் போதாது, அது எட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும். திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் நாஞ்சில் நாட்டுக்கு உயர் நீதிமன்றம் திருவனந்தபுரத்தில் இருந்தது. 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் உருவானபோது அது எர்ணாகுளம் போனது. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதன்பின் சென்னைதான்! நாகர்கோவிலில் இருந்து சுமார் 700 கிலோமீட்டர். ரயில் செலவு, சாப்பாட்டுச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி... எல்லாம் சேர்ந்தால் ஏழை என்ன செய்வார்?

2004 ஜூலை 24-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. தூரம் சுமார் 240 கிலோமீட்டராகக் குறைந்தது. காலையில் புறப்பட்டால் இரவு வீடு திரும்பிவிடலாம்.

வக்கீல் வைக்கப் பணமில்லையா? சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், சிறையில் இருப்பவர்கள் உள்ளிட்டோர் அங்கே இலவசமாக வக்கீல் உதவி பெறலாம். அப்பீலுக்கும் இது உண்டு. ஆனால், நாள் கணக்கை மட்டும் மறக்கக் கூடாது!

உங்களுக்கு ஒரு வேலை: 2004-க்கு முன் வழக்குக்காகச் சென்னை போய் வந்தவர்கள் உங்கள் தெருவில் இருக்கிறார்களா? அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.