கை தவறி விழுந்தாலும் வெடிக்காத ரிவால்வர்!
உயிர் காக்கும் சின்னத் தகடு

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் உள்ளது விசிட்டா நகரம். 1876-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு நாள் இரவு. அங்குள்ள மதுக்கடையின் பின் அறையில் போலீஸ்காரர் வயாட் ஏர்ப் சிலருடன் உட்கார்ந்து இருந்தார். உறையில் இருந்த அவருடைய ரிவால்வர் நழுவி விழுந்தது.

"டுமீல்!"

குண்டு அவருடைய கோட்டைத் துளைத்து, சுவரில் பட்டு, கூரை வழியாகப் பாய்ந்தது. அறையில் இருந்தவர்கள் அலறி அடித்துக்கொண்டு ஓடினார்கள். நல்ல வேளை, யாருக்கும் காயம் இல்லை.

விசையை யாரும் தொடவில்லை. பிறகு எப்படி வெடித்தது?

காலி அறை

அந்தக் காலத்து ரிவால்வரில் பின்பக்கம் உள்ள சுத்தியல், தோட்டாவின் முதுகில் சாய்ந்தபடி இருக்கும். கீழே விழுந்து சுத்தியலில் அடி பட்டால் போச்சு! அதனால் விவரம் தெரிந்தவர்கள் 6 தோட்டா பிடிக்கும் ரிவால்வரில் 5 தோட்டாதான் போடுவார்கள். சுத்தியலுக்கு நேராக உள்ள அறையைக் காலியாக விட்டுவிடுவார்கள்.

மாலுமி பலி

பிறகு ரிவால்வருக்கு உள்ளேயே தடுப்பு வைத்தார்கள். அதுவும் ஒருமுறை கைவிட்டது. 2-வது உலகப் போரின்போது, 1944-ம் ஆண்டு, அமெரிக்கக் கடற்படைக் கப்பலின் இரும்புத் தளத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் ஒன்று விழுந்து வெடித்தது. ஒரு மாலுமி பலியானார்.

அந்தக் கம்பெனி தடுப்பையே மாற்றி அமைத்தது. புதிய ரிவால்வரில், சுத்தியல் முன்னே போக முடியாதபடி ஒரு சின்ன இரும்புத் தகடு குறுக்கே நிற்கும். விசையை முழுக்க இழுத்தால்தான் தகடு கீழே இறங்கி வழிவிடும்.

1973-ம் ஆண்டு ரூகர் கம்பெனி இன்னொரு வழியைக் கையாண்டது. தோட்டாவைக் குத்தும் ஊசியைச் சுத்தியல் எட்டவே எட்டாது. நடுவில் இடைவெளி! விசையை இழுத்தால் ஒரு தகடு மேலே வந்து அந்த இடைவெளியை அடைக்கும். சுத்தியல் தகட்டை அடிக்கும். தகடு ஊசியைத் தள்ளும். விரலை எடுத்தால் தகடு இறங்கிவிடும்.

யார் விரல்?

ஒரு தகடு குறுக்கே நின்று காப்பாற்றுகிறது. இன்னொரு தகடு விலகி நின்று காப்பாற்றுகிறது. ஆனால் இரண்டுமே விசை சொன்னபடிதான் கேட்கும். விசையை இழுப்பது போலீஸ்காரர் விரலா, விளையாட்டுப் பிள்ளையின் விரலா என்று தகட்டுக்குத் தெரியாது.

ரிவால்வர் தரையில் விழுந்தால் தகடு காப்பாற்றும். குழந்தை கையில் கிடைத்தால்? பூட்டிய பெட்டிதான் காப்பாற்றும்!