கடல் கடந்த ஆலைகள்

வில்லியனூர், பாகூர் அன்பர்கள் நம்மைக் கேட்பதுண்டு: இந்தியக் கம்பெனிகள் அந்நிய தேசங்களில் ஆலை வாங்குவது பெருமையன்றோ? பெருமைதான், ஆனால் வாங்குவது வேறு, விளைவிப்பது வேறு.

2007-ல் டாடா கம்பெனியார் ஏறக்குறைய 620 கோடி பவுன் கொடுத்துக் கோரஸ் என்னும் இரும்புக் கம்பெனியை வாங்கினர். ஜாம்ஷெட்பூரில் அவர்களுக்குச் சொந்தச் சுரங்கத்து இரும்புக்கல் உண்டு, வேல்ஸ் நாட்டுப் போர்ட் டால்பட்டிலோ கல்லும் கரியும் கப்பலேறி வரவேண்டியிருந்தன, உலைகளும் பழையவையாயிருந்தன. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிப்பவன் வறண்ட மேட்டுநிலத்தை வாங்கி அதே மகசூலை எதிர்பார்க்கலாமா?

2024 செப்டம்பரில் அங்கே கடைசி ஊதுலையும் அணைந்தது; தொழிலாளர் திரளாக வேலையிழந்தனர். முதலாளி இந்தியர் என்பதற்காக நாம் கண்டும் காணாதிருப்பது அழகன்று. 2020-ல் ஏ.எப்.டி. ஆலை மூடப்பட்டபோது புதுவைத் தொழிலாளி பட்ட பாட்டை அறிந்தவர்களன்றோ நாம்!