டர்போவும் ஒரு சிறு பிளக்கும்

மோட்டார் வண்டியின் இயந்திரத்தைப் பற்றிப் பேச நான் பொறியியல் கற்றவனல்லன். தமிழும் வரலாறும் பயின்று, முப்பதாண்டுகளாகச் சுண்ணக்கட்டியோடு காலங் கழித்தவன். ஆயினும் சென்ற சில காலத்துள் எனக்கு நேர்ந்த ஓர் அனுபவம் ஒரு சிறு இயந்திர ஆராய்ச்சியில் என்னை இறக்கிவிட்டது. வண்டி வைத்திருக்கும் நேயர் பலருக்கும் இது பயன்படக்கூடும் என்பதனாலேயே இன்று அதனை உங்கள் முன் வைக்கின்றேன்.

2023 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் என் தமக்கையாரைக் கண் மருத்துவரிடம் காட்டுவதற்காகக் கண்டிக்குச் சென்றிருந்தேன். மருத்துவரைக் காணப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவேளையில், ஜப்பானிலிருந்து வந்த என் பழைய டீசல் வானைச் சேவிஸ் செய்யக் கொடுத்தேன். எஞ்சின் ஒயில் மாற்றினார்கள். ஒயில் வடிகட்டியையும் காற்று வடிகட்டியையும் மாற்றினார்கள். இயந்திரப் பகுதியையும் நன்றாகக் கழுவித் தந்தார்கள். மாலையில் நுவரெலியா நோக்கிப் புறப்பட்டோம். கம்பளை வரை ஒரு குறையும் இல்லை. புசல்லாவையைத் தாண்டி, றம்பொடை ஏற்றம் தொடங்கியபோது, முன்பலகையில் இயந்திர வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அதே வேளையில் வண்டியின் வலிமை பாதியாயிற்று. பின்னால் வந்த பேருந்துகள் ஹோன் அடித்துக்கொண்டு முந்திச் செல்ல, நாங்கள் நடைவேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம். “தம்பி, காலையில் நன்றாகத்தானே இருந்தது” என்று தமக்கையார் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அறியாமற் சொன்ன அந்தச் சொல்லே பின்னர் நோயைக் கண்டுபிடிக்கும் வழியாயிற்று.

மறுநாள் ஒரு கராஜுக்குக் கொண்டுசென்றேன். அங்கிருந்தவர் ஸ்கானர் என்னும் சிறு கருவியை வண்டியிற் செருகினார். திரையில் ‘பி0237’ என்ற இலக்கம் தோன்றியது. “டர்போ போய்விட்டது சேர், முழுவதையும் மாற்ற வேண்டும்” என்றார். அவர் கூறிய தொகை என் பல மாதச் சம்பளம். பொனற்றை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வீடு திரும்பிய பின்னரே எனக்கு உறைத்தது.

டர்போ என்பது யாது? இயந்திரத்தினுள் எரிபொருள் எரிந்த பின் வெளியேறும் சூடான புகையில் இன்னும் வேகமும் வெப்பமும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை வீணாக்காமல், அப்புகையைக் கொண்டு ஒரு சிறு விசிறிச் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, நெருக்கி, இயந்திரத்தினுள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். ஆகவே சிறிய இயந்திரமும் பெரிய இயந்திரத்தின் வேலையைச் செய்யும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிரட் பூஹி 1905 ஆம் ஆண்டில் இந்த எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றார். இச்சக்கரங்கள் நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழல வல்லன.

காற்றை அளவின்றித் திணித்தால் இயந்திரம் கெடும். குறைந்தால் கரும்புகை கக்கும். ஆகவே குழாயினுள் அழுத்தம் எவ்வளவு என்பதை வண்டியின் கணினிக்கு நொடிதோறும் அறிவிக்க ஒரு சென்சர் உண்டு. அதன் உள்ளே மெல்லிய சிலிக்கன் தகடொன்று இருக்கிறது. காற்று அழுத்தினால் தகடு சிறிதளவு வளைகிறது. வளைந்தால் அதன் மின்தடை மாறுகிறது. கணினி 5 வோல்ற் மின்சாரத்தை அதற்கு அனுப்பி, திரும்பி வரும் வோல்ற்றளவைப் பார்த்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறது. போகும் வயர் ஒன்று, மண் வயர் ஒன்று, செய்தி கொணரும் வயர் ஒன்று என்று குறைந்தது மூன்று வயர்கள் அதனிற் சேரும். காற்றின் வெப்பத்தையும் அதே சென்சர் அளக்குமாயின் நான்காவது வயரும் இருக்கும்.

இனி அந்த இலக்கத்துக்கு வருவோம். ஸ்கானர் காட்டுவது தீர்ப்பன்று, முறைப்பாடு. முதலெழுத்தாகிய ‘பி’ இயந்திரமும் கியர்ப் பெட்டியும் சேர்ந்த பகுதியைக் குறிக்கும். அடுத்த 0 எல்லா உற்பத்தியாளருக்கும் பொதுவான இலக்கம் என்பதைக் காட்டும். அங்கே 1 நின்றால், பெரும்பாலும் அந்த உற்பத்தியாளர் தனக்கென வகுத்தது. அதன் பின் வரும் 2, எரிபொருள், காற்று ஆகியவற்றின் விநியோகத்தைச் சார்ந்தது. இறுதி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட குறையைச் சொல்லும். 0236 என்றால் சென்சர் கூறும் அழுத்தம் நம்பத்தக்கதாயில்லை. 0237 என்றால் சென்சரின் மின்சுற்றில் வோல்ற்றளவு அளவுகடந்து தாழ்ந்திருக்கிறது. 0238 என்றால் அளவுகடந்து உயர்ந்திருக்கிறது. 0234 என்பது காற்றழுத்தம் உண்மையாகவே மிகுந்துவிட்டது என்பதையும், 0299 என்பது போதாது என்பதையும் குறிக்கும். என் வண்டி சொன்னது 0237. டர்போ கெட்டது என்று அது சொல்லவே இல்லை. சென்சரிலிருந்து வரும் செய்தி அறுந்துவிட்டது என்றே சொன்னது. செய்தி இல்லாதபோது கணினி எச்சரிக்கையாக எரிபொருளைக் குறைத்துவிடும். றம்பொடையில் நாங்கள் நடைவேகத்தில் ஏறியதன் காரணம் அதுவே.

இவற்றையெல்லாம் எனக்கு எடுத்துரைத்தவர் என்னிடம் முன்னர் படித்த ஓர் இளைஞர். இன்று மோட்டார் மெக்கானிக். வண்டியைப் பார்த்ததும் அவர் என்னைக் கேட்ட முதல் வினா, “சேர், கடைசியாக இதனுள் யார் கை வைத்தது?” என்பதே. சேவிஸ் நடந்த கதையைச் சொன்னேன். அவர் ஸ்கானரை எடுக்கவில்லை. பொனற்றைத் திறந்து, காற்று வடிகட்டிப் பெட்டியின் அருகே விரலை வைத்தார். அப்பெட்டியின் மூடியைக் கழற்ற இடைஞ்சலாக நிற்கும் வயர்க்கொத்தில்தான் என் வண்டியின் சென்சர் பிளக் இருந்தது. கழற்றியவர் திரும்பச் செருகியிருந்தார். ஆனால் பூட்டு விழும்வரை அழுத்தவில்லை. கண்டியிலிருந்து புறப்படும்போது தொட்டுக்கொண்டிருந்த பிளக், ஏற்றத்தின் அதிர்ச்சியில் மெல்ல நழுவிவிட்டது. அதனாலேயே விளக்கு உடனே எரியாமல் நடுவழியில் எரிந்தது.

அழுத்தினால் தீர்ந்தது என்று அவர் நின்றுவிடவில்லை. பிளக்கைக் கழற்றி உள்ளே பார்த்தார். கழுவிய தண்ணீர் ஒரு துளி அங்கே தங்கி, ஊசிமுனையொன்று பச்சை நிறமாகப் பூத்திருந்தது. அதனைத் தொடர்புமுனை துடைக்கும் தெளிகருவியால் துடைத்து உலர்த்தினார். சாவியைத் திருப்பி, இயந்திரத்தை ஓட்டாமல், பிளக்கில் 5 வோல்ற் வருகிறதா, மண் வயர் சரியா என்று மீற்றரால் அளந்தார். வயரின் உறையைக் குத்தித் துளைக்காமல், பிளக்கின் முகத்திலேயே அளந்ததைக் கவனித்தேன். துளைத்த இடத்தில் நீர் புகுந்தால் அடுத்த மழைக்காலத்தில் வேறொரு நோய் தோன்றும் என்றார்.

அதன் பின்னரே ஸ்கானர் வந்தது. இயந்திரம் ஓடாத வேளையில் டர்போ சென்சர் சுற்றுப்புறக் காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். திரையில் 81 கிலோபாஸ்கல் என்று விழுந்தது. அவருடைய கைந்நூலில் 100 என்று இருந்தமையால் அவர் சிறிது தயங்கினார். இங்கேதான் ஒரு வாத்தியாருக்கும் பேச இடங் கிடைத்தது. நூறு என்பது கடல்மட்டத்துக் கணக்கு. நுவரெலியாவோ ஏறக்குறைய 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. மேலே செல்லச் செல்லக் காற்றுப் போர்வையின் பாரம் குறையும். இங்கே 81 என்பதே சரி என்றேன். யாழ்ப்பாணத்தில் இதே வண்டி 81 காட்டினால் சென்சரைச் சந்தேகிக்கலாம்; மலைநாட்டில் 100 காட்டினாலும் சந்தேகிக்கலாம். வண்டியிற் சுற்றுப்புற அழுத்தத்தைத் தனியாக அளக்கும் சென்சர் இருந்தால், இரண்டும் ஏறத்தாழ ஒன்றாயிருக்கின்றனவா என்று ஒப்பிட்டாற் போதும்.

எல்லா வண்டிகளிலும் பிளக்தான் காரணமாயிருக்கும் என்று நான் கூற வரவில்லை. பிளக் கழன்றால் சில வண்டிகளில் வோல்ற்றளவு தாழும், சிலவற்றில் உயரும். ஆகவே 0238 வந்தாலும் முதலில் அங்கேயே பார்க்க வேண்டும். சேவிஸின் பின் 0299 வந்தால், கழற்றிய காற்றுக்குழாயின் கவ்வி சரியாக இறுக்கப்படாமற் காற்று ஒழுகுகிறதா என்று பாருங்கள். அழுத்தும்போது ‘உஸ்’ என்ற ஓசையும் கரும்புகையும் அதற்குத் துணைச்சாட்சி. வடிகட்டிப் பெட்டியினுள் துணித்துண்டொன்றை மறந்து மூடிய கதையையும் அந்த இளைஞர் சொன்னார். பழைய டீசல் வண்டிகளிற் சென்சரின் வாய் கரியால் அடைபடுவதும் உண்டு. அது சேவிஸினால் வந்ததன்று, சேவிஸின் பின் தற்செயலாக வெளிப்படுவது. ஆனால் நீலப்புகை, உலோகம் உராயும் ஓலம், காற்றுக்குழாயில் வழியும் ஒயில் ஆகியவை தென்பட்டால் இயந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும். அப்போது டர்போவே நோயாளியாயிருக்கலாம்.

பற்றறியைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையும் என்று சிலர் அறிவுரை கூறுவார்கள். பல வண்டிகளில் அணையவும் கூடும். ஆனால் குறை தோன்றிய கணத்தில் வண்டி எவ்வேகத்திற் சென்றது, இயந்திரத்தின் சூடு யாது என்று கணினி எழுதிவைத்த குறிப்பும் அதனோடு அழிந்துபோம். முதலில் இலக்கத்தையும் குறிப்பையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குறையைத் திருத்துங்கள். அதன் பின்னரே ஸ்கானரால் அழித்து, ஏற்றமுள்ள ஒரு பாதையில் ஓட்டிப் பார்த்து, அதே இலக்கம் திரும்புகிறதா என்று காணுங்கள்.

அன்று மாலை அந்த இளைஞரும் நானும் தமக்கையாரும் அதே றம்பொடைப் பாதையில் இறங்கி மீண்டும் ஏறினோம். விளக்கு எரியவில்லை. இளைஞர் ஒரு மணி நேர வேலைக்குரிய கூலியை மாத்திரம் வாங்கிக்கொண்டார். இப்பொழுது சேவிஸ் நிலையத்திலிருந்து வண்டியை எடுக்கும் போதெல்லாம், இயந்திரம் ஆறியிருக்கையில் நானே பொனற்றைத் திறந்து, கழற்றிய பிளக்குகள் எவையெனக் கேட்டு, ஒவ்வொன்றையும் வயரிற் பிடித்து இழுக்காமல் அதன் உடலிற் பிடித்து, ‘கிளிக்’ என்ற ஓசை கேட்கும்வரை அழுத்திப் பார்க்கின்றேன். அங்குள்ளவர்கள் என்னைச் சற்று விநோதமாகவே பார்க்கிறார்கள்.