இறந்தவர் சொத்தும் இருப்பவர் கடமையும்

மரித்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் நாம், அவர்கள் விட்டுச்சென்ற கடனையும் கடமையையும் தீர்த்து வைப்பதும் அவர்களுக்குச் செய்யும் அன்பே என்பதை மறத்தலாகாது.

கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயிலில் குறிக்கப்பட்டவர் நிறைவேற்றுநர். அவ்வாறு எவரும் இல்லாதவிடத்து நீதிமன்றம் நியமிப்பவர் நிர்வாகி. இறந்தவரின் சொத்து இவர்கள் பொறுப்பில் வருகிறது. ஆனால் அது இவர்களுடையதன்று.

செலவுக்கும் சட்டம் வரிசை வகுத்துள்ளது. முதலில் தகுதிக்கேற்ற அடக்கச் செலவும் மரணப் படுக்கையின் மருத்துவச் செலவும். அடுத்து நீதிமன்றச் செலவு. மூன்றாவதாக, இறப்புக்கு முந்திய 3 மாதங்களில் உழைத்த கூலியாள், கைவினைஞர், வீட்டுப் பணியாளர் ஆகியோரின் ஊதிய பாக்கி. பின்னரே ஏனைய கடன்கள். கடன்கள் தீர்ந்த பின்பே உயிலில் எழுதிய கொடைகள். கொழுந்து பறித்து வாழும் நம் மலை மக்கள் இவ்வரிசையின் நீதியை எளிதில் உணர்வர். மறுக்கப்பட்ட கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடும் என்று யாக்கோபு எச்சரிக்கவில்லையா?

நீதிமன்ற ஆணை பெற்றவர் 6 மாதங்களில் சொத்துப் பட்டியலையும், ஓராண்டில் வரவு செலவுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். சொத்தைத் தவறாகக் கையாண்டு இழப்பு நேரச் செய்தால், அவரே ஈடு செய்ய வேண்டும். 2002-ஆம் ஆண்டின் திருத்தத்தால் கிறிஸ்தவரின் உயிலுக்குப் புரோபேட் கட்டாயமன்று. ஆயினும் மனச்சான்றின் முன் கணக்கு ஒப்புவிக்கும் கடமை நீங்கவில்லை.

உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது ஆண், பெண் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். இவ்வுரிமைக்காகப் போராடிய மேரி ராய் அம்மையாரின் வரலாறு நம் உதகையோடு தொடர்புடையது. கணவரைப் பிரிந்து, இரு பிள்ளைகளுடன் தந்தையின் உதகை வீட்டில் தங்கியிருந்தவரை, திருவிதாங்கூர்ச் சட்டத்தைக் காட்டி வெளியேற்ற முயன்றனர் உறவினர். 1916-ஆம் ஆண்டின் அச்சட்டம், மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் குறைந்ததையே அளித்தது. ஆனால் அது தமிழகத்தில் செல்லாது. பின்னர் அவர் தொடுத்த வழக்கில், 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம், 1951 முதலே திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்க்கும் 1925-ஆம் ஆண்டுச் சட்டமே உரியது எனத் தீர்ப்பளித்தது. 2022-இல் அவர் மறைந்தார், தீர்ப்பு வாழ்கிறது.

ஆகவே குடும்பத் தலைவர்களே, நலமாயிருக்கும்போதே உயில் எழுதுங்கள். சாட்சிகள் இருவர் கையொப்பமிட வேண்டும். உயிலால் பயன் பெறுபவர் சாட்சியாகலாகாது, ஆனால் அவருக்கு எழுதியது செல்லாததாகும். நேர்மையாளர் ஒருவரை நிறைவேற்றுநராகக் குறித்து, உயில் இருக்குமிடத்தை அவருக்குச் சொல்லி வையுங்கள். பாகம் பிரித்துத் தரும்படி கேட்டவனிடம், பேராசையைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கச் சொன்னார் நம் ஆண்டவர். அவ்வெச்சரிக்கை நம் இல்லங்களிலும் ஒலிப்பதாக.